கோமதியின் கட்டி

கோமதி போய்விட்டாள் என்று தென்காசியிலிருந்து போன் வந்தபோது, நான் ஆய்வகத்தில் அவளுடைய கட்டிக்கு வளர்ப்புத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தேன். கையில் உறை இருந்ததால் போனைத் தொட முடியவில்லை. கூட வேலை செய்யும் பெண் எடுத்து என் காதருகே பிடித்தாள். கேட்டேன். தட்டில் மீதியிருந்த குழிகளுக்கும் மாற்றி முடித்தேன். பாதியில் எழுந்து ஓடியிருந்தால் கோமதி மன்னித்திருக்க மாட்டாள்.

அவளோடு பழகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போலத்தான் இருப்பாள். மனிதக் குடலிலிருந்து துளிச் சதை எடுத்து, கூழ் போன்ற ஒன்றில் பதித்து, கடுகளவு குட்டிக் குடல்களாக வளர்ப்பது எங்கள் வேலை. நோயாளிக்குக் கொடுக்கும் முன்பு மருந்தை அவற்றின்மேல் ஊற்றிப் பார்க்கலாம். பொறுமை வேண்டிய வேலை. அவளோ சொந்தக்காரர் கல்யாணத்தில்கூடத் தாலி ஏறியதும் பந்திக்கு நிற்காமல் ஆய்வகத்துக்கு ஓடி வருகிறவள்.

புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஒருநாள் அந்தக் குட்டிக் குடல்களைப் 'பிள்ளைகள்' என்று கொஞ்சினாள். கோமதி விருட்டென்று திரும்பினாள்.

"ஏட்டி, பிள்ளைன்னு சொல்லாத. பிள்ளை மேல யாராவது விஷத்தை ஊத்துவாளா?"

அதன்பிறகு அந்தச் சொல் எங்கள் அறைக்குள் வந்ததில்லை.

பிறகு அவளுக்கே குடலில் கட்டி வந்தது. முறைப்படி அனுமதியெல்லாம் வாங்கி, வெட்டியெடுத்ததில் ஒரு துண்டை எங்கள் ஆய்வகத்துக்கே வரவழைத்தாள். தன் உடம்பின் உயிரணுக்களைத் தானே கையாளக் கூடாது என்பது விதி. அதனால் நான் வளர்த்தேன். அவள் பின்னால் நின்று என் உயிரை வாங்கினாள். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "என்னா வேகமா வளருது பாரு, என்னை மாதிரியே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்துகளை ஒவ்வொன்றாக ஊற்றினோம். எதற்கும் அது மசியவில்லை. தென்காசியில் அண்ணன் வீட்டில் படுக்கையில் விழுந்த பிறகும் போனில் ஒரே கேள்விதான்: "அடுத்த மருந்து என்னட்டி?"

அவள் அண்ணன் இசக்கி அண்ணாச்சி ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கிறார். சாம்பல் கரைக்க நானும் குற்றாலத்துக்குப் போயிருந்தேன். கரைத்துக் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி உடம்புல ஒரு துண்டு அங்கன உயிரோட இருக்காமே? அப்போ நான் இங்கன யாரைக் கரைச்சேன்?"

"அது அவ இல்ல அண்ணாச்சி. அவளுக்கு வந்த நோய்."

வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே கேட்டார். "அப்போ என் தங்கச்சியக் கொன்னதுக்கு நீங்க தீனி போட்டு வளக்கியளா?"

குரலில் கோபம்கூட இல்லை. எது அதைக் கொல்லும் என்று கண்டுபிடிக்க அது உயிரோடு இருக்க வேண்டும், நாளைக்கு இதே நோயோடு இன்னொருத்தி வருவாள் என்று சொன்னேன். எனக்கே அது நொண்டிச் சாக்காகப் பட்டது.

"கொல்லுததுக்குத்தான்னா வளங்க. அது செத்த அன்னைக்கு எனக்கு ஒரு போன் போடுங்க. அதுவரைக்கும் எனக்கு இது முடிஞ்ச மாதிரி இல்ல."

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஊர் திரும்பியதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. போன வாரம் இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஊற்றினேன். இன்று காலை பார்த்தால் ஓரத்தில் அந்தக் கடுகளவுக் கட்டிகள் சில சுருங்கிக் கறுத்திருந்தன. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். உட்கார்ந்து அழுதேன். அவளைக் கொன்றதும் அதுதான், அவளில் மிச்சமிருப்பதும் அதுதான். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றே. அதையும் என் கையால்தான் கொல்ல வேண்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தட்டில் மருந்தின் அளவைக் கூட்டி ஊற்றினேன்.