வடக்குப்பட்டு வளைவு

இது கட்டுக்கதை இல்லை. ஒரகடத்தில் கம்பெனி வேன் ஓட்டுகிற மோகனுக்குப் பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? உச்சி வெயிலும் போதும்.

டிரைவர்கள் எந்த வழியை ஏன் எடுக்கிறார்கள் என்று ஆராய, ஒரு காலேஜைச் சேர்ந்தவர்கள் அங்கே பல டிரைவர்களின் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். டிரிப் முடிந்ததும் அது கேட்கும்: 'ஏன் இந்த வழி?' வடக்குப்பட்டு வளைவை விட்டுச் சுற்றிப் போகிற மோகன், 'டிராபிக்' என்று அழுத்திவிடுவான். பச்சைப் பொய்! போன வருஷம் அந்த வளைவில், ஷிப்ட் முடிந்து அவன் வேனுக்காக நின்ற அவன் மனைவி காவேரியை லாரி அடித்துவிட்டது. அவளை ஒரு தடவை பார்க்க மாட்டோமா என்று ஏங்கினான். அந்த இடத்தை மிதிக்கத்தான் நெஞ்சு துணியவில்லை. கூட ஓட்டுகிறவர்களும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார்கள். பாவம், ஒண்டிக்கட்டை. நாளெல்லாம் அவனை ஒரு வார்த்தை கேட்டது அந்த ஆப் மட்டும்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. சுற்று வழியில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷிப்ட் ஆட்கள் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் வளைவுப் பக்கம் திருப்பினான்.

ரோட்டில் ஈ காக்கை இல்லை. வேனிலும் அவன் மட்டும்.

வளைவு வந்தது...

டிங்... டிங்... டிங்...

பெல்ட் அலாரம். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால்தான் அது அடிக்கும்.

சீட் காலி.

ஆனால் மெத்தை அழுந்தியிருந்தது.

"யா... யாரு?"

டிங்டிங்டிங்...

பெல்ட் மெல்ல இழுபட்டது.

டக்.

சத்தம் நின்றது.

எப்படி ஸ்டேஷன் வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது.

அடுத்த வாரம் அந்தக் காலேஜிலிருந்து ஜயஸ்ரீ போன் செய்தாள்.

"மோகன் அண்ணா, உங்கள மாதிரியே நெறைய பேரு அந்த வளைவ விட்டுச் சுத்திப் போனாங்க. ஆனா அவங்க டிராபிக்னு போடல."

"வேற இன்னா போட்டாங்கோ?"

தயங்கினாள். "ஒரு அம்மா கை காட்டி நிறுத்துதாம். 'இது மோகன் வண்டியா?'ன்னு கேக்குதாம். உங்ககிட்டச் சொல்ல யாருக்கும் மனசு வரலையாம்."

மோகன் வேனின் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆனா போன வெள்ளிக்கிழமைலேர்ந்து எல்லா வண்டியும் அந்த வழியாத்தான் போகுதுண்ணா. அங்க இப்போ யாரும் நிக்கலையாம்."