நான் அடித்துவிட்ட ஒரு பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், தேவாலாவில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் குடியரசு தின விழா. ஊரில் இருக்கும் பழைய ராணுவத்தினருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று முடிவானது. பெயர் சேகரிக்கும் வேலை என்னுடையது.

ஐந்து பேர் கிடைத்தார்கள். ஆறாவதாக ஒருவர், பள்ளிக்குப் பின்னாலேயே வீடு. பட்டாளத்திலிருந்து வந்தபின் எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்தவர். போய்க் கேட்டேன்.

"நான் துப்பாக்கி புடிச்சவன் இல்லீங்க டீச்சர். அங்க சமையல்காரன். எனக்கெதுக்குங்க பொன்னாடை?" என்று சிரித்தார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. எழுதிய பெயரை அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

விழாவன்று காலை குன்னூரிலிருந்து சிறப்பு விருந்தினர் வந்தார். ஓய்வுபெற்ற சுபேதார். போரில் காலில் குண்டு பட்டதால் தடி ஊன்றித்தான் நடப்பார். பட்டியலை வாங்கிப் பார்த்தவர், "இவரு ஏனுங்க வரல?" என்று அடித்த பெயரைக் காட்டினார். காரணம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பட்டியலை மடித்து என்னிடம் கொடுத்தபடி சொன்னார்.

"சண்டையப்ப மூணு நாளா மலைமேல இருந்த எங்க காவல் போஸ்ட்டுக்கு யாராலயும் ஏற முடியலீங்க. நாலாம் நாள் சப்பாத்திய முதுகுல கட்டிக்கிட்டு ஒருத்தர் ஊர்ந்தே வந்தாரு. சமையல்காரருதான். திரும்பி எறங்கறப்ப குண்டு பட்டுச் செத்துப் போயிட்டாரு. நீங்க அடிச்சிருக்கற இவரு ஊடு எங்கீங்கம்மா?"

விழா தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. ஆள் அனுப்புகிறேன் என்றேன், கேட்கவில்லை. பனியில் நனைந்த வழுக்குப் பாதையில் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பெரியவர் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். சுபேதார் தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். பெரியவர் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பதிலுக்கு அவர் கை உயர்ந்தபோதுதான் கவனித்தேன், அதில் இரண்டு விரல்கள் இல்லை.

"மலைமேல பனியில போச்சுங்க," என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து.

அவரையும் அழைத்துக்கொண்டு திரும்பியதில் விழா அரைமணி நேரம் தாமதமானது. யாரும் முணுமுணுக்கவில்லை. அவருக்குப் பொன்னாடை போர்த்தும்படி சுபேதார் என்னிடமே சொன்னார். போர்த்தும்போது மெல்ல மன்னிப்புக் கேட்டேன்.

"உடுங்க டீச்சர். ஊடு வரைக்கும் வந்து கூப்புட்டீங்களே," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, என்னுடையதும்தான்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு வருடமும் அவர் வருகிறார். போன தடவை, பனிமலையில் அடுப்புப் பற்றவைப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சொன்னார், ஒருவரும் அசையவில்லை.

தன்னைக் குறைத்துச் சொல்லிக்கொள்ளும் மனிதரிடம், அதோடு நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.