ஆவுடையப்பன் சாரின் அறுநூறு எம்எம்

முகூர்த்த மாதத்தில் ஒரு காலை. ஆல்பம் வாங்க வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் கவுண்டரை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஆவுடையப்பன் சார் உள்ளே வந்தார். தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு பெரிய லென்ஸை எடுத்து, மணப்பெண் படத்துக்கு மேலேயே வைத்தார்.

"இந்த லென்ஸுக்கு ஒரு கண்ணு தெரியல. என் கையக் குத்தம் சொல்லுதாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க," என்றார்.

தென்காசியில் கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருந்த அந்தக் கேமரா கடையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. எல்லாம் நின்றபடியே. நாற்காலி உண்டு, அது வாடிக்கையாளருக்கு. லென்ஸ் கேட்டு வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு எனக்குப் பின்னால் ஆம்பளை யாராவது நிற்கிறாரா என்று பார்ப்பார்கள். யாரும் இல்லையென்றால் வேறு வழியில்லாமல் என்னிடம் கேட்பார்கள். ஆவுடையப்பன் சாரும் அப்படி வந்தவர்தான். இப்போது கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளுக்காக அவர் கதையை எழுதி வைக்கிறேன்.

எந்தப் பறவை சார்?

ஆவுடையப்பன் சார் பொதுப்பணித் துறையில் பெரிய இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு குற்றாலம் போகிற வழியில். ரிட்டயர் ஆனதும் சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார்கள். நடந்த இடத்தில் பறவைக்காரர்கள் கண்ணில் பட்டார்கள். அத்தோடு நடை நின்றது, பறவை தொடங்கியது.

முதல்தடவை வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இருக்கதுலயே பெரிய லென்ஸ் எது?"

நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். எந்தப் பறவை, எங்கே, எந்நேரம், எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள். இரண்டு லென்ஸை எடுத்து வைத்தேன். ஒன்று நூறு–நானூறு ஜூம். கைக்கு அடக்கம், பக்கத்தில் இருக்கிற பட்டாம்பூச்சியைக்கூட ஃபோகஸ் செய்யும், வெளிச்சமும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே விடும். குற்றாலத்துச் சாரலில், மர நிழலில், கிட்டத்தில் துள்ளுகிற குருவிகளுக்கு இதுதான் தோது. இன்னொன்று நூற்றைம்பது–அறுநூறு. சுந்தரபாண்டியபுரம் மாதிரி வெட்டவெளியில், குளத்துக்கு நடுவில் நிற்கிற நாரைக்கு நல்லது. ஆனால் கனம். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ என்கிற வெளிச்ச உணர்வை ஏற்ற வேண்டும், படத்தில் புள்ளி விழும். உங்கள் வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது, நானூறு போதும் என்றேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெளியே போய் ஒரு போன் பேசிவிட்டு வந்தார். "அட்மின் அறுநூறுதான் எடுக்கச் சொல்லுதாரு," என்றார்.

அட்மின் என்பவர் ஊரில் பேர்பெற்ற பல் டாக்டர். ஒரு வாட்ஸ்அப் பறவைக் குழுவை அவர்தான் நடத்தினார். அறுநூறுக்குக் கீழே வைத்திருக்கிறவன் காக்கா பார்க்கத்தான் லாயக்கு என்பது அவருடைய கொள்கை. அந்தக் குழுவில் யார் என்ன பறவையைப் பார்த்தார்கள் என்பது இரண்டாவது கேள்வி. யாருடைய லென்ஸ் எவ்வளவு நீளம் என்பதுதான் முதல் கேள்வி. சம்பந்தி வீட்டில் பெண்ணின் கழுத்தைப் பார்க்கிற மாதிரி ஒருவர் கேமராவை இன்னொருவர் பார்ப்பார்கள்.

ஆவுடையப்பன் சார் அறுநூறை எடுத்தார். அதற்குப் பச்சைப் புள்ளி போட்ட உறை, தனக்கு அதே துணியில் சட்டை, தொப்பி. அதை மாட்டிக்கொண்டால் பறவைகளுக்கு ஆள் தெரியாது என்று நம்பினார். ஐந்தருவிக் குரங்குகளுக்கு நன்றாகவே தெரிந்தது. முதல் வாரமே ஒன்று லென்ஸ் முனையில் மாட்டுகிற ஹூடைத் தின்கிற சாமான் என்று நினைத்துக் கழற்றிக்கொண்டு மரமேறியது. புது ஹூடு வாங்க வந்தபோது, "சும்மா சொல்லக்கூடாது, குரங்கு கிட்ட வந்தும் நல்லா ஃபோகஸ் ஆச்சு," என்றார். அவ்வளவு பிரியம் அந்த லென்ஸ் மேல்.

கை நடுக்கம்

அப்படிப்பட்டவர்தான் இப்போது கண் தெரியவில்லை என்று வந்து நிற்கிறார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். கரண்ட் கம்பியில் பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வலப்பக்கம் இருந்தவற்றுக்குக் கண்ணும் அலகும் கத்தி மாதிரி இருந்தன. இடப்பக்கம் போகப் போகப் பஞ்சாகக் கரைந்திருந்தன.

இதைக் குழுவில் போட்டிருக்கிறார். உடனே வைத்தியம் தொடங்கிவிட்டது. ஃபில்டரைக் கழற்றுங்கள் என்றார் ஒருவர். கம்பி சாய்வாகப் போயிருக்கும் என்றார் இன்னொருவர். வெயில் அலை, சூட்டில் காற்று ஆடியிருக்கும் என்றார்கள். கடைசியில் அட்மின் தீர்ப்பு எழுதினார்: 'அண்ணாச்சி, லென்ஸ் அருமையான லென்ஸ். வயசாகுதுல்லா, கை நடுங்கத்தான் செய்யும். நானூறுக்கு மாறிக்கிடுங்க.' அதற்குக் கீழே எல்லோரும் வரிசையாகக் கும்பிடு பொம்மை போட்டிருந்தார்கள். கை நடுங்கினால் படம் முழுக்கத்தானே கலங்கும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதிலிருந்து அவர் குழுவோடு போவதை நிறுத்திவிட்டார். கவுண்டருக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். கல்யாண வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். "பாலத்துக்கு டிராயிங் போட்ட கைம்மா இது. வீட்டுல காப்பி டம்ளர எடுத்தாக்கூட இப்ப அவ என் கையத்தான் பாக்கா," என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. மனிதர் லென்ஸுக்காக வரவில்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது.

முதலாளி ரபீக் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வாப்பா காலத்திலிருந்து நான் அங்கே வேலை பார்க்கிறேன். துபாயில் சில வருடம் இருந்துவிட்டு வந்து கடையை எடுத்துக்கொண்டவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மரியாதையான பிள்ளை, வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாத வரைக்கும்.

சார் போனதும் என்னைக் கூப்பிட்டான். கடைக்கு வருகிற லென்ஸ் வியாபாரத்தில் பாதி அட்மின் அனுப்புகிற ஆட்களால் நடக்கிறது, அவர் சொன்ன லென்ஸில் பழுது என்று நாமே சொன்னால் நன்றாகவா இருக்கும் என்றான். ஞாயிற்றுக்கிழமை குழு சுந்தரபாண்டியபுரம் போகிறது, சாரையும் கூட்டிக்கொண்டு நீங்களும் போங்கள், நாலு படம் எடுப்பது போல எடுங்கள், கைதான் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றான்.

"அப்படியே ஒரு ட்ரைபாடையும் அவர் தலையில கட்டிட்டு வந்துருங்கக்கா," என்றான்.

பம்ப்செட் சுவர்

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்தது. ஒரு பக்கம் பூவுக்கு நடுவில் நின்று செல்பி எடுக்கிற கூட்டம். இன்னொரு பக்கம் நம் பறவைக் குழு, கச்சேரிக்கு நாயனக்காரர்கள் நிற்கிற மாதிரி லென்ஸ்களை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றது. பூத்தட்டில் தலைகீழாகத் தொங்கி விதை கொறிக்கிற கிளிகள்தான் அன்றைய விசேஷம். வரப்பில் வெறும் போனை வைத்துக்கொண்டு நின்ற தோட்டக்காரர், விதையெல்லாம் போகிறதே, விரட்டிவிடட்டுமா என்று கேட்டார். விரட்டக் கூடாது, இயற்கையை நாம் மதிக்க வேண்டும் என்று அட்மின் அவருக்குச் சொன்னார். விதை அவருடையது, மதிப்பு நம்முடையது.

ஆவுடையப்பன் சார் கூட்டத்தில் சேராமல் தள்ளி நின்றார். நான் விற்கக் கொண்டுபோன ட்ரைபாடை விரித்தேன். விற்காவிட்டாலும் வேலைக்கு ஆகட்டும். வயலோரம் ஒரு பம்ப்செட் ரூம் இருந்தது. அதன் சுவர் முழுக்க ஒரு சிமெண்டு விளம்பரம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எழுத்து. லென்ஸ் சோதிக்க அதைவிட நல்ல பறவை கிடையாது. பறக்காது, திரும்பாது.

சுவருக்கு நேர் எதிரே ட்ரைபாடை நிறுத்தி, சாரின் கேமராவை லென்ஸோடு அதில் ஏற்றினேன். ஃபில்டரைக் கழற்றினேன். கை ஆட்டத்தைச் சமன் செய்கிற ஸ்டெபிலைசரை அணைத்தேன். காலை நேரம்தான், வெயில் அலை எழும்பவில்லை. ஜூமை அறுநூறுக்குக் கொண்டுபோய், டைமர் வைத்து, கேமராவை யாரும் தொடாமல் படம் எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் வலப்பக்க எழுத்தில் பெயிண்ட் உதிர்ந்தது வரை தெரிந்தது. இடப்பக்க எழுத்து மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி இருந்தது.

அதற்குள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்துகொண்டார்கள். கிளிகளுக்கும் கொஞ்சம் நிம்மதி. அட்மின் படத்தைப் பார்த்துவிட்டு, சுவர் கோணலாக இருக்கும் என்றார். லென்ஸைப் பிடித்திருக்கிற காலரைத் தளர்த்தி, கேமராவும் லென்ஸும் சேர்ந்து தலைகீழாக வருகிற மாதிரி திருப்பி இன்னொரு படம் எடுத்தேன். சுவர் கோணல் என்றால் அதே எழுத்துதான் மறுபடியும் மங்க வேண்டும். இப்போது சுவரின் மறுகோடி மங்கியது. மங்கல் லென்ஸோடு சேர்ந்து திரும்பியிருந்தது.

அப்படியானால் கேமரா பாடியில் கோளாறு என்றார். பாடியையும் பார்த்துவிடலாம், உங்கள் லென்ஸைக் கொஞ்சம் கொடுங்கள் டாக்டர் என்றேன். அவர் கொடுத்த விதத்தைப் பார்த்தால் சொந்தப் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பது போல இருந்தது. அதை சாரின் கேமராவில் மாட்டி எடுத்தேன். சுவர் முழுக்க எழுத்து பளிச்சென்று வந்தது.

ஆவுடையப்பன் சார் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "சொல்லுங்கம்மா. கையா, லென்ஸா?"

ரபீக் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, சர்வீஸுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று மழுப்பியிருக்கலாம். மழுப்பியே எத்தனையோ பேரை அனுப்பி வைத்த கவுண்டர்தான் எங்களுடையது. ஆனால் வீட்டில் காப்பி டம்ளரைப் பிடிக்கும்போதெல்லாம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிற ஒரு மனிதரிடம் எனக்கு அது வரவில்லை.

"லென்ஸ்தான் சார். உள்ள கண்ணாடி ஒண்ணு நேரா உக்காரல. உங்க கையில ஒண்ணும் இல்ல," என்றேன்.

அட்மின் சொன்னார்: "ஒரு ஓரம் மங்குனா என்ன அண்ணாச்சி? பறவ நடுவுலதான இருக்கப்போகுது."

சற்றுமுன் வரை லென்ஸ் அருமை என்றவர். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சார் கண் கலங்குவார், எனக்குக் கையெடுத்து நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்க்கிறவர்கள் இன்ஜினியர்களோடு பழகாதவர்கள். அங்கேயே அட்மின் கையை நீட்டச் சொல்லி, அது நடுங்குகிறதா என்று ஆராய்ந்தார். அன்று மத்தியானமே குழுவில் சுவர்ப் படங்களை அம்புக்குறி போட்டு அனுப்பினார். கும்பிடு பொம்மை போட்டவர்களைப் பேர் பேராகக் கூப்பிட்டு, அதைத் திரும்ப எடுக்கச் சொன்னார். மறுநாள் கடைக்கு வந்து, 'கை நடுக்கம் இல்லை' என்று கடை லெட்டர்பேடில் எழுதிக் கேட்டார். நாங்கள் ஆஸ்பத்திரி இல்லை சார் என்று அனுப்பி வைத்தேன்.

பிரேம் செக்‌ஷன்

ரபீக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ட்ரைபாடு விக்கதுக்கு அனுப்புனேன் அக்கா. நீங்க வித்த லென்ஸையே திருப்பி வாங்கிட்டு வந்திருக்கீங்க," என்று மட்டும் சொன்னான். மறுநாள் முதல் லென்ஸ் கவுண்டரில் வேறொருவர். எனக்குக் கடைக்குப் பின்னால் பிரேம் செக்‌ஷன். செத்துப்போனவர்களின் படங்களுக்குக் கண்ணாடி போடுகிற இடம். அங்கே யாரும் ஷார்ப்பாக இல்லை என்று சண்டைக்கு வருவதில்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட ரபீக் என் முகத்தைப் பார்க்காமல் இருந்ததுதான் சங்கடமாக இருந்தது. தூக்கி வளர்த்த பிள்ளை.

லென்ஸ் கம்பெனிக்குப் போனது. பழுதுதான் என்று ஒத்துக்கொண்டு புதிது அனுப்பினார்கள். ஆவுடையப்பன் சார் அதை வாங்க வந்தபோது, இதே சாக்கில் நூறு–நானூறுக்கு மாறிக்கொள்ளுங்கள், தோள் பிழைக்கும் என்று பிரேம் செக்‌ஷனிலிருந்து வந்து சொன்னேன். அவருக்கும் அது தெரியும், தோளில் பிளாஸ்திரி வாசம் அடித்தது. ஆனால் அட்மின் மாறச் சொன்ன லென்ஸுக்கு மாறினால் கை நடுக்கத்தை ஒத்துக்கொண்டது போல ஆகிவிடுமாம். அறுநூறையே தூக்கிக்கொண்டு போனார்.

கம்பெனியே பழுதை ஒத்துக்கொண்டதைக் கேள்விப்பட்ட குழுக்காரர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் லென்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டு, பிறருக்குத் தெரியாமல் கடைக்கு வந்தார்கள். லென்ஸ் பார்த்துச் சொல்லுகிற அக்கா எங்கே என்று கேட்டார்கள். ரபீக் வியாபாரி. ஒரு காலையில் ஒன்றும் நடக்காதது போல, "அக்கா, முன்னால வாங்க," என்றான். அவ்வளவுதான், சமாதானம். சில நாளில் வாசலில் ஒரு போர்டும் வைத்தான்: 'லென்ஸ்கள் சோதித்துத் தரப்படும்.' யோசனை தன்னுடையது என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டான்.

அதிலிருந்து பில் போடும் முன் எந்த ஜூமையும் மாடிக்குக் கொண்டுபோய், முழு ஜூமில், வெளிச்சம் விடுகிற அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, எதிர்க் கட்டடத்துச் சுவரைப் படம் எடுத்து நாலு மூலையும் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். நீங்களும் அதைச் செய்யுங்கள். வாங்குகிறவரிடம் எந்தப் பறவை, எந்த வெளிச்சம், எவ்வளவு கனம் தாங்கும் என்று கேளுங்கள். அவர் அதைக் கேட்காமல் நீளமானதைத்தான் எடுப்பார். எடுக்கட்டும், தோள் அவருடையது.

ஆனால் எடுத்தவர் திரும்பி வந்து படம் சரியில்லை என்றால், முதலில் சாமானைச் சோதியுங்கள். பழுதான லென்ஸுக்குக் கம்பெனி மாற்று அனுப்பும். உன் கை நடுங்குகிறது என்று ஒரு மனிதரிடம் ஒருதடவை சொல்லிவிட்டால், அதை எந்தக் கம்பெனியும் மாற்றிக் கொடுக்காது.