கொடியைக் கழற்றிய கார்

அப்பாவின் முதல் எம்.எல்.ஏ. பதவிக்காலம் முடியப்போகிற சமயத்தில் சேலத்து இதய டாக்டர் அவரை உட்காரவைத்துச் சொன்னார்: உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து. "எலெக்சன் முடியட்டுங்க" என்றார் அப்பா. கட்சி அடுத்த வேட்பாளரை முடிவு செய்கிற நேரம் அது. நெஞ்சுவலிக்காரர் என்று தெரிந்தால் சீட்டு வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் விஷயம் அம்மாவுக்கும் எனக்கும் டிரைவர் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

எனக்கு அந்தப் பதவியின் மேல் அன்றும் மரியாதை இல்லை, இன்றும் இல்லை. சட்டசபையில் அவர் என்ன பேசினார் என்று யாருக்கும் நினைவில்லை. காதுகுத்து, கல்யாணம், எழவு எதையும் விடமாட்டார் என்பதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் கொல்லிமலையில் போய்த் தலைகாட்டினால் மட்டும் போதாது, சாப்பிட்டாக வேண்டும். இலையில் கை வைக்காமல் எழுந்தால், பதவி வந்ததும் திமிர் ஏறிவிட்டது என்று மலை முழுக்கப் பேச்சாகிவிடும். வீட்டில் அம்மா உப்பில்லாமல் சமைத்துப் போடுவாள். அவர் வெளியே போய்க் கிடாக்கறி தின்றுவிட்டு வருவார்.

அன்று மலைமேல் வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் கிடாவெட்டு. துணைக்கு நானும் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா மிளகு தூக்கலாகப் போட்ட கறியை அள்ளி அள்ளி வைத்தார். பொறுக்க முடியாமல், "போதுங்க, அவருக்கு ஒத்துக்காது" என்றேன். பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"ஏஞ்சாமி, நம்ம ஊட்டுக் கறி இப்ப ஒத்துக்காமப் போச்சா?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அப்பா என்னை முறைத்தார். "அது கெடக்குதுங்க, இன்னும் ரெண்டு துண்டு வெய்யுங்க" என்றவர், இலையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். அந்த இலையைத் தூக்கி எறிந்துவிடலாம் போல எனக்கு ஆத்திரமாக வந்தது.

மலை இறங்கும்போது பாதி வளைவுகளிலேயே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இடது தோளைப் பிடித்துக்கொண்டார். அடிவாரத்தில் காரவள்ளி வந்ததும், அடுத்து வரும் காளப்பநாயக்கன்பட்டியில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் நிறுத்தச் சொன்னேன்.

"அங்க வேண்டாங் கண்ணு. அத்தன பேருக்கும் என்னையத் தெரியும். சேலம் போயிரலாம்" என்றார் அப்பா.

பிறகு காரை ஓரங்கட்டி, முன்னால் பறந்த கட்சிக்கொடியைக் கழற்றச் சொன்னார். திருகாணி துருப்பிடித்திருந்தது. டிரைவர் அண்ணன் அதோடு மல்லுக்கட்டினார். "உடுங்கண்ணா, வண்டிய எடுங்க" என்று கத்தினேன். கழற்றாமல் எடுக்கக் கூடாது என்று அப்பா கையை ஆட்டினார். கொடி வந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. காளப்பநாயக்கன்பட்டியை நிற்காமல் கடந்தோம். சேலம் போய்ச் சேர்ந்தபோது என் மடியில் கிடந்தவருக்கு உயிர் இல்லை.

மறுநாள் மலையிலிருந்து லாரி லாரியாக ஆட்கள் இறங்கினார்கள். கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் மாலை வைத்தார், கண்ணைத் துடைத்தார், பிறகு அம்மாவை உள்ளே தனியாகக் கூப்பிட்டார். நானும் கூடவே போனேன்.

"சீட்டு இனி உங்க ஊட்டுக்குத்தானுங்கக்கா. மேலிடத்துல பேசிட்டனுங்க" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டார்.

அம்மா பல வருடங்களாகத் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவள். அன்று காலையில்கூட அழுகைக்கு நடுவே நான்தான் ஊசி போட்டுவிட்டிருந்தேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள்.