மாங் குலாஸ் திறந்த கதவு

வெடிக்குப் பேர்போன எங்கள் போகாவே ஊரில் ஒருவன் வெடி விற்கவில்லை என்றால்தான் அவனைக் கூப்பிட்டு உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். நான் விற்பதில்லை. எனக்குச் சவாரி ஏற்ற ஒரு ட்ரைசைக்கிளும் ஓர் இடுப்பு வலியும் இருக்கின்றன, அதுவே போதும். எதிர் வீட்டு மாங் குலாஸ் விற்கிறார். வயதில் மூத்த ஆணுக்கு மாங், பெண்ணுக்கு ஆலிங் என்பது எங்கள் வழக்கம் என்பதால் மாங் போட்டுக் கூப்பிடுகிறேன். மற்றபடி மரியாதை வாங்கும்படி அவர் எதுவும் செய்ததாக நினைவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கும் வெடிக்கடைகளில் ஒன்றின் பின்புறத்தில்தான் தான் பிறந்ததாகச் சொல்லுவார். ஏன் படிக்கவில்லை என்று கேட்டால், வாத்தியார் சொன்னது காதில் விழவில்லை என்பார். வலது காது இன்றைக்கும் மந்தம். மனைவி ஆலிங் இஷாங் திட்ட ஆரம்பித்ததும் தலையைத் திருப்பி அந்தக் காதைக் கொடுத்துவிடுவார். நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் சத்தத்தை விற்று வயிறு வளர்த்த இந்த மனிதருக்கு, பலூன் உடைந்தாலே கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிற ஒரு நாய் வாய்த்தது. கடவுளுக்கு வேலை இல்லாத நாட்களும் உண்டு போலிருக்கிறது.

நாயின் பெயர் குவிட்டிஸ். குச்சி வைத்த ராக்கெட் வெடிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். யாரோ அட்டைப்பெட்டியில் போட்டு அவர் கடை வாசலில் விட்டுப்போன குட்டி அது. பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் பாய்ந்து, அடுத்த கடைக்காரி ஆலிங் சேடெங்கின் சாப்பாட்டுத் தட்டில் போய் விழுந்தது. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அந்த இரண்டு கடைகளுக்கும் இன்னும் ஓயவில்லை. தாய் தெருநாய், தகப்பன் போலீஸ் நாய் என்று குலாஸ் சொல்லிக்கொண்டார். தகப்பனை அவர் பார்த்ததில்லை. ஆனால் நாயின் வேகத்தைப் பார்த்தால் யாரோ துரத்தப்பட்ட திருடன்தான் தகப்பனாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதன் பல் படாத செருப்பு எங்கள் தெருவில் கிடையாது. ஜோடியாகத் தூக்கினாலாவது புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத்தான் தூக்கும். ஒரு நாள் நான் வெறுங்காலுடன் போய்ச் சண்டை பிடித்தேன்.

"அதுக்கு ஒடம்பு ஓயல தம்பி," என்றார் குலாஸ், ஏதோ பெரிய டாக்டர் மாதிரி. "இந்த மாதிரி நாயைக் கட்டிப் போட்டா அது செருப்பைத்தான் கடிக்கும். ஓட விடணும். மூளைக்கும் வேலை குடுக்கணும்."

"மொதல்ல ஒங்க மூளைக்கு யாராச்சும் வேலை குடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் மனிதர் சொன்னதைச் செய்தார். அன்றிலிருந்து விடிந்ததும் சைக்கிளில் ஏறி, நாயின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து வெடிக்கடை வரிசை வரைக்கும் ஓட்டம். பார்க்கிறவர்கள் அவர் நாயை ஓட்டிப் போவதாக நினைத்தார்கள். மிதியில் அவர் கால் அழுந்தியதே இல்லை. கடைக்குப் போனதும் கருவாட்டுத் துண்டுகளைச் சாக்குகளுக்கு அடியில் ஒளித்து வைப்பார். நாய் மோப்பம் பிடித்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும். அதற்குள் அதற்கும் களைப்பு, அவருக்கும் களைப்பு. செருப்புகள் பிழைத்தன.

டிசம்பர் பிறந்தால் அவருடைய இன்னொரு அவதாரம் தொடங்கும். கையால் வெடியை விற்பார், வாயால் அதிலிருந்து நாயைக் காப்பாற்றும் வழியைச் சொல்லுவார்.

"வீட்ல நாய் இருக்காம்மா? சாயங்காலமே நல்லா ஓட விட்டுருங்க. இருட்டுறதுக்கு முன்னாடி சோறு வெச்சிருங்க. உள் ரூம்ல விட்டு, ஜன்னலைக் கம்பளியால மூடி, பாட்டுப் போட்டு விடுங்க. கழுத்துல போன் நம்பர் கட்டுங்க. முக்கியமா, கதவைச் சாத்தி வைங்க. தொறந்தா போச்சு."

"இவ்வளவும் பண்றதுக்கு நான் வெடியே வாங்காம இருக்கலாமே," என்று ஒரு அம்மாள் பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

பக்கத்துக் கடையிலிருந்து ஆலிங் சேடெங் பனையோலை விசிறியைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "இங்க வாம்மா. எங்கிட்ட வெடி மட்டும்தான். புத்திமதி சேர்த்து விக்கிறதில்ல."

டிசம்பர் கடைசி நாள் வந்தது. பாதி ராத்திரியில் வரிசைக்குக் காவல் இருக்க ஒரு ஆள் வேண்டும். ஒரு பொறி விழுந்தால் வரிசையே போய்விடும் என்பதால் அன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் முறை வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் குலாஸ் தப்பித்தார்.

"பன்னெண்டு மணிக்குக் குடும்பத் தலைவன் வீட்ல இல்லன்னா எப்படி? யாரு கதவு தொறப்பா?" என்பார்.

புது வருடம் பிறக்கும்போது வீட்டில் ஒரு கதவு கூடச் சாத்தியிருக்கக் கூடாது. வாசல், கொல்லை, ஜன்னல், அலமாரி, அரிசிப் பானையின் மூடி வரைக்கும் திறந்திருக்க வேண்டும். சாத்தியிருந்தால் அதிர்ஷ்டம் வந்து பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். என் வீட்டிலும் அப்படித்தான்.

"எனக்குத் தொறக்க ஒரே கதவு. அதுவும் தாழ்ப்பாள் ஒடஞ்ச கதவு. நானே இருக்கேன் போ," என்று அந்த வருடமும் விதவை ஆலிங் சேடெங்தான் காவலுக்கு உட்கார்ந்தாள்.

குலாஸ் தான் ஊருக்குச் சொன்னதில் ஒன்றைக் கூட விடவில்லை. சாயங்காலம் நாயை ஓட விட்டார், அதாவது அது அவரை இழுத்தது. நேரத்தோடு சோறு வைத்தார். உள் அறையில் விட்டு, ஜன்னலுக்குக் கம்பளி அடித்து, தன் கைபேசியையே அங்கே வைத்துக் காதல் பாட்டு ஓடவிட்டார். கழுத்துப்பட்டையில் அதே கைபேசியின் நம்பர். பிறகு வட்டப் புள்ளி போட்ட சட்டையை மாட்டி, பை நிறையச் சில்லறையைப் போட்டுக்கொண்டு, வட்டப் பழங்கள் அடுக்கிய மேஜைக்கு முன்னால் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். அன்றைக்கு வட்டமானதெல்லாம் காசைக் கொண்டுவரும் என்பது எங்கள் நம்பிக்கை.

பன்னிரண்டு அடித்தது. ஊரே வெடித்தது. தகர ஊதல், பாத்திரத் தட்டல், அந்த நேரத்தில் குதித்தால் உயரமாக வளரலாம் என்று குதிக்கிற குழந்தைகள். நானும் என் வாசலில் குதித்தேன், இந்த வயதில் வளர மாட்டேன் என்று தெரிந்தும். எதிரே குலாஸ் வீட்டில் ஒவ்வொரு கதவாகத் திறப்பது தெரிந்தது. "வா! உள்ள வா!" என்று அதிர்ஷ்டத்தை அழைக்கிற அவர் குரல் தெருவெல்லாம் கேட்டது. வாசல் திறந்தது. ஜன்னல்கள் திறந்தன. நாற்பது வருடத்துப் பழக்கம், கை தானாகப் போனது. கடைசியாக உள் அறைக் கதவையும் திறந்தார்.

அவர் கால்களுக்கிடையில் புகுந்து, திறந்த வாசல் வழியாக, என் காலை மிதித்துக்கொண்டு ஏதோ ஒன்று போனது. அது நாய் என்று எனக்குப் புரிவதற்குள் தெருமுனையில் புகை மட்டும் இருந்தது.

"காத்துல தொறந்துக்கிச்சு," என்றார் குலாஸ், முகம் வெளிறிப்போய்.

"காத்துக்குக் கை மொளச்சிருக்கா?" என்று ஆலிங் இஷாங் கத்தினாள். "நான் பாத்தேன்! வா வான்னு கூப்ட்டுத் தொறந்தியே! ஊருக்கெல்லாம் சொன்னியே, பாவி!"

அவர் மந்தக் காதைத் திருப்பவில்லை. அப்படியே நின்று கேட்டுக்கொண்டார். எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

தேடினோம். ஆலிங் இஷாங் கோயில் பக்கம் போனாள். நானும் குலாஸும் என் ட்ரைசைக்கிளில் ஆற்றங்கரை, வயல், சந்தை, இறைச்சிக் கொட்டகை என்று சுற்றினோம். பயந்த நாய் லாரிக்கு முன்னால் பாயும், ஆற்றில் விழும், எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும், இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. "குவிட்டிஸ்! குவிட்டிஸ்!" என்று அவர் கத்தினார். புண்ணியவான்கள் நாங்கள் வெடி கேட்பதாக நினைத்து ஆளுக்கொன்று கொளுத்திக் காட்டினார்கள்.

"கடைப் பக்கம் பாக்கலாமா?" என்றேன்.

"வெடிக்குப் பயந்து ஓடுறது வெடிக்கடைக்கா போகும்? ஒனக்கு அறிவிருக்கா?"

எனக்கு இல்லைதான். விட்டுவிட்டேன்.

விடிந்தது. புகைக்குள் சூரியன் மங்கலாகத் தெரிந்தது. மிச்சச் சரக்கைப் பார்க்கப் போக வேண்டுமே என்று, செத்த வீட்டுக்குப் போகிறவர் மாதிரி அவர் கடைக்குக் கிளம்பினார். நான் கொண்டுபோய் விட்டேன்.

அவர் கடையில், கருவாடு ஒளித்து வைக்கும் சாக்கின் மேல், குவிட்டிஸ் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆலிங் சேடெங் ஒரு வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"என் நூடுல்ஸ் பூரா இதுதான் தின்னுச்சு," என்றாள். "வெடிக்க ஆரம்பிச்சதுமே வந்துருச்சு. ஒன் போனுக்கு எத்தனை தடவை அடிச்சேன்! எங்கய்யா தொலைச்ச?"

அந்தக் கைபேசி யாருமில்லாத உள் அறையில் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

"இங்க எதுக்கு வந்துது?" என்றார் குலாஸ்.

"வேற எங்க போகும்? இந்த ஊர்ல நேத்து எவனும் வெடிக்காத எடம் இது ஒண்ணுதான. அதுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியல."

ஒரு நிமிடம் சும்மா இராத அந்த நாய், தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. குலாஸ் புள்ளிச் சட்டையோடு மண்ணில் உட்கார்ந்து அழுதார். பையிலிருந்து சில்லறை கொட்டியது, அவர் பொறுக்கவில்லை. ஆலிங் சேடெங் அதைப் பொறுக்கித் தன் வெறும் தட்டில் போட்டாள்.

அடுத்த டிசம்பரில் காவல் முறை பேச ஆரம்பிக்கும் முன்பே குலாஸ் கையைத் தூக்கினார்.

"அப்ப ஒன் வீட்டுக் கதவு?" என்றாள் ஆலிங் சேடெங்.

"இஷாங் தொறப்பா. எனக்கு வரவேண்டியது போன வருசமே வந்து, ஓடியும் போய், கெடச்சும் ஆச்சு."

ஆலிங் சேடெங்கும் வீட்டுக்குப் போகவில்லை. இவரை நம்பி வரிசையை விட முடியாது என்றாள். ஆலிங் இஷாங் கொடுத்தனுப்பிய பன்றித் தொடையும் நூடுல்ஸும் எடுத்துக்கொண்டு நான் போனபோது, தண்ணீர் வாளிகளுக்கு நடுவில் எங்கள் தெரு நாய்கள் நான்கைந்து கட்டப்பட்டுக் கிடந்தன. கொண்டுவந்து விட்டவர்கள் யாரும் அதை வெளியில் சொல்லவில்லை. குவிட்டிஸ் கடைக்குள்ளே, அவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில், சாக்கின் மேல் படுத்திருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் தகரக் கதவைச் சாத்தினார்கள்.

தூரத்தில் வானம் வெடித்தது. பேச்சை நிறுத்திவிட்டு குலாஸ் எழுந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, கை தானாகக் கதவை நோக்கிப் போனது.

ஆலிங் சேடெங் விசிறிக் காம்பால் அந்தக் கையில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"எடுய்யா கையை!"

அவர் கையைத் தடவிக்கொண்டே திரும்பி வந்து, நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.