எகிப்து அரசிக்குப் போட்ட பூஜ்யம்

நான்தான் அவளைத் தோற்கடித்தேன். தெரிந்தே செய்தேன். கை தவறிவிட்டது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் பொய்!

எண்பதுகளின் தொடக்கம். தொண்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தினேன். கல்யாணம் ஆகாதவள், வெளியூர்க்காரி, வாடகை அறையில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டவள்... அந்த ஊரில் என்னோடு மனம்விட்டுப் பேச ஆமினாவைத் தவிர ஒருவரும் இல்லை. பத்தாம் வகுப்பு மாணவி. பள்ளி விட்டதும் என் மேசையருகே வந்து நின்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"அரையாண்டுப் பரீட்சையில சிவப்புக் கோடு விழுந்தா படிப்ப நிப்பாட்டிருவேன்னு அத்தா சொல்லிட்டாக டீச்சர்."

அவளே சொன்னாள். தோற்ற பாடத்தின் மதிப்பெண்ணுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போடுவது எங்கள் வழக்கம். சவுதியிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவளுடைய தகப்பனார் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசியும் வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். மறந்துவிடாதீர்கள், எனக்குத் தெரியும்!

எகிப்து அரசி ரோமாபுரியோடு எவ்வாறு நட்புக் கொண்டாள்? அரையாண்டுத் தாளில் இதுதான் ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் எழுதிப்போட்ட நோட்ஸில் 'தன் அழகால் ரோமாபுரித் தளபதிகளை மயக்கினாள்' என்றிருக்கும். வகுப்பே அதை எழுதியது. ஆமினா எழுதினாள்:

'ரோமாபுரி பெரிய வல்லரசு. சண்டை போட்டால் நாடு போய்விடும். அதனால் நட்பு வைத்தாள். ராஜா செய்தால் ராஜதந்திரம் என்கிறோம். ராணி செய்தால் மயக்கினாள் என்கிறோம். ஏன் டீச்சர்?'

விடைத்தாளில் என்னையே கேள்வி கேட்கிறாள்!

அந்த வாரம்தான் ஆசிரியர் அறையில் என் காதுபடப் பேசியிருந்தார்கள். அதிகாரியிடம் சிரித்துச் சிரித்துப் பேசித்தான் என் மாற்றலை நிறுத்திக்கொண்டேனாம்... எனக்காக இந்த ஊரில் ஒரே ஒருத்தி வாய் திறந்திருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பதினைந்து வயதுப் பெண் எனக்குப் பாடம் எடுப்பதா என்ற ஆத்திரத்தில் ஐந்துக்குப் பூஜ்யம் போட்டேன். மொத்தம் முப்பத்திரண்டு. தேற இன்னும் மூன்று வேண்டும். அடிக்கோல் வைத்து, சிவப்புக் கோட்டை நேராகப் போட்டேன்.

அவளுடைய அத்தா பள்ளிக்கு வந்தார்.

"தாளச் சரியாத்தான திருத்திருக்கீக டீச்சர்? பிள்ள அழுவுது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... "சரியாத்தான் திருத்தியிருக்கேன்" என்றேன். அவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய மனிதர்.

தை மாதம் நிக்காஹ். அழைப்பு வந்தது, நான் போகவில்லை. அதற்குப் பிறகு பள்ளி விட்டதும் என் மேசையருகே எவரும் வந்து நிற்கவில்லை. தனிமை என்று யாரிடம் புலம்ப? நானே தேடிக்கொண்டதல்லவா!

பல வருடம் கழித்துத் திருவாடானை பேருந்து நிலையத்தில் அவள்தான் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகள். நலம் விசாரித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ராணி பதிலு அம்புட்டுத் தப்பா டீச்சர்?"

இல்லை என்று ஒரு சொல் போதும். வாய் வரை வந்தது... "நோட்ஸ்ல இருந்த மாதிரி எழுதலையேம்மா" என்றேன்.

"ஆமா டீச்சர், நாந்தான் கோட்டிக்காரி மாதிரி எழுதிட்டேன். அதான் இவகிட்ட இப்பவே சொல்லி வச்சிருக்கேன், டீச்சர் குடுத்தத மட்டும் எழுது, சொந்தமா யோசிக்காதன்னு."

மகள் தலையாட்டினாள்.

அவர்களுடைய பேருந்து வந்தது. ஏறி, சன்னல் வழியாகக் கையசைத்தார்கள். நீங்களே சொல்லுங்கள், அதன் பின்னால் ஓடியிருக்க வேண்டாமா நான்? பதிலுக்குக் கையசைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.