மூன்றாவது பொந்து

1967 ஆகஸ்ட் 11: சுரங்கத்தின் மேல் குண்டு.
2008 ஏப்ரல் 2: பன்றி விற்ற வரவு, 22 லட்சம் டாங்.
ஏப்ரல் 5: குறிகாரிக்கு, 5 லட்சம்.
ஏப்ரல் 9: வாத்து முட்டை, 24 ஆயிரம்.
ஏப்ரல் 12: எலும்பு வைக்கும் மண்பெட்டி, சின்ன அளவு, 3 லட்சம்.

இவை தோவான் அக்காவின் கணக்கு. கண் மங்கிவிட்டதால் என்னிடம் சொல்லி எழுதி வைத்தார். குவாங் திரி மாகாணக் கடற்கரையில் எங்கள் மூய் லோ ஊரின் பிறப்பு இறப்புகளை எழுதி ஓய்வு பெற்றவன் நான்.

அக்கா மீன்சாறு விற்றுப் பிழைத்தவர். கணவர் தெற்கே போர்முனையில் இறந்தார். மறுமணம் செய்யவில்லை. குண்டு விழுந்த அன்று அவர் கரையில் படகிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மாமியாரும் ஆறு வயது மகள் நியேனும் சுரங்கத்தில் இருந்தார்கள். குண்டுவீச்சுக்குத் தப்ப ஊரே செம்மண்ணில் குடைந்த சுரங்கம் அது; குடும்பத்துக்கு ஒரு பொந்து. இரண்டு வாயும் மூடிக்கொண்டன. ஒருவரும் வெளியே வரவில்லை. அந்த நாள் வந்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் திதி.

மகளின் எலும்பைக் கழுவிப் பெட்டியில் வைத்து, தான் சாகும்முன் மண்ணில் சேர்க்க வேண்டும். அக்காவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

குறிகாரி சொன்னபடி சுரங்கத்துக்கு மேலிருந்த மேட்டில் சாப்பாட்டுக் குச்சியை நட்டு, அதன் நுனியில் முட்டையை வைத்துப் பார்த்தார். முட்டை நிற்கும் இடத்துக்குக் கீழே ஆள் இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. பல இடங்களில் விழுந்து உடைந்தது. மூங்கில் புதர் ஓரம் நின்றது. அதற்கு நேர் கீழே மூன்றாவது பொந்து, அக்கா வீட்டுப் பொந்து.

கிணறு வெட்டும் தியெப் நிலப்பக்க வாயைத் திறந்து மூங்கில் முட்டுக் கொடுத்தான்.

"அத்தே, வெளியவே இருங்க. நண்டு வளைக்குள்ள நண்டுதான் போகணும்."

"நான் நண்டு தின்னே வளந்தவ. நகருடா."

தியெப், அக்கா, நான் என்று ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்துதான் போக முடிந்தது. கடப்பாரை பட்ட தடங்கள் நேற்று வெட்டியது போல இருந்தன. உள்ளே போகப் போக விளக்கின் சுடர் சுருங்கியது. மூன்றாவது பொந்தில் தியெப் கையாலேயே மண்ணை விலக்கினான். ஒரு பெண்ணின் எலும்புகள். மடியிருந்த இடத்தில் தீக்குச்சி போன்ற விரல்கள்.

"இது நியேன் இல்ல. இது பொறந்த கொழந்த," என்றார் அக்கா.

பக்கத்தில் விமான உடைசலில் செய்த அலுமினியச் சீப்பு கிடந்தது. அதில் கீறியிருந்த பெயரை வாசித்தேன்: லாய். கடல்பக்கக் கடைசிப் பொந்துக்காரி.

"அன்னிக்கு நான் கரைக்குப் போறப்பவே அவளுக்கு வலி எடுத்துருச்சு," என்றார் அக்கா.

பிரசவ வலி கண்டவளுக்கு ஈரமில்லாத பொந்தைக் கொடுப்பது அன்றைய ஊர் வழக்கம். யாரும் கேட்க வேண்டியதில்லை. அங்கே இருப்பவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அவளுடைய பொந்துக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது பொந்து ஒழுகாது. குண்டு விழுந்ததோ கடல்பக்கம்.

"மாமியா மாத்திக் குடுத்திருக்காங்க. நான் இருந்திருந்தாலும் குடுத்திருப்பேன். யாரைத் தம்பி திட்டுறது?"

"அப்ப முட்டை பொய்யா, அத்தே?" என்றான் தியெப்.

"புள்ள இருக்குன்னு சொல்லிச்சு. இருந்துச்சு. யாரு புள்ளன்னு நான் கேக்கல."

அவர் கடல்பக்கமாகத் தவழ்ந்தார். மண் அடைத்திருந்தது. தியெப் கடப்பாரையை இறக்கியதும் கூரை பொலபொலவென்று கொட்டியது. அவன் அவரைக் காலைப் பிடித்து இழுத்தான்.

"இன்னும் ஒரு முழம்டா. ஒரே ஒரு முழம்."

"எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு, அத்தே."

அதற்குப் பிறகு அவனிடம் அவர் கேட்கவில்லை.

லாய்க்கு உறவென்று யாருமில்லை. அக்காவே எலும்புகளை அரிசிச் சாராயத்தில் கழுவினார். நியேனுக்கு வாங்கிய பெட்டியில் அந்தக் குழந்தையை வைத்தார். லாய்க்குப் பெரிய பெட்டி நான் வாங்கினேன்.

மேலிருந்து இயந்திரத்தால் தோண்ட அனுமதி கேட்டு ஜூன் மாதம் அவருக்காக மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதினேன். சந்தைக்கு வரும்போதெல்லாம் கேட்பார்.

"பதில் வந்துச்சா தம்பி?"

"வரல அக்கா."

"மழைக்கு முன்னால வந்துருமா?"

மழைதான் முதலில் வந்தது. அக்டோபரில் கடல்பக்க மேடு உள்ளே சரிந்தது. அக்கா அங்கே நனைந்தபடி குச்சி நட்டுக்கொண்டிருந்தார். முட்டை விழுந்துகொண்டே இருந்தது.

"எனக்குக் கண்ணு தெரியல. நீ வையி."

நான் வைத்தேன். விழுந்தது. இன்னொன்றை நீட்டினார். அதுவும் விழுந்தது.

"கீழ இல்லையா, இல்ல எம்மேல கோவமா?"

குடையை அவர் பக்கம் சாய்த்தேன்.

அன்று நனைந்ததில் வந்த காய்ச்சல் இறங்கவில்லை. "என்னை அந்த மேட்டுலயே வைங்க," என்று சொல்லி நவம்பர் 19 அன்று இறந்தார். மேடு இன்னும் சரிந்துகொண்டிருந்ததால் அங்கே குழி வெட்ட ஒருவரும் துணியவில்லை. லாய்க்கும் குழந்தைக்கும் பக்கத்தில் வைத்தோம்.

தோண்ட அனுமதித்து, மனுதாரர் நேரில் வந்து இடத்தைக் காட்ட வேண்டும் என்று சொன்ன கடிதம் என் கைக்கு வந்தது 2009 ஜனவரி 14.